போவதற்கு முன் சொல்ல வேண்டியது

வேலைக்காக வெளிமாநிலம் போய், கொண்டாப்பூரில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் சமைத்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒல்லியான பெண்மணி. அதிகம் பேசமாட்டார், பேசினாலும் இந்திதான். நான் தமிழன் என்று தெரிந்தும் இரண்டு வருடம் என்னிடம் இந்தியிலேயே பேசினார்.

ஒரு ஞாயிறு மதியம் தண்ணீர் பிடிக்கப் போனேன். அவர் போனில் யாழ்ப்பாணத் தமிழில் அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை அணைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. சண்டைக்குள்ள படகில வந்தனான். என்னட்ட ஒரு பேப்பரும் இல்லை."

"போன்ல யாரு அக்கா?"

"அண்ணை. அம்மா ஏலாமக் கிடக்கிறாவாம், என்னைப் பாக்கோணுமாம். ஊருக்குப் போறதெண்டா வெளியேற அனுமதி வேணும்; அதுக்கு முதல்ல பொலிசில போய், இவ்வளவு காலமும் இஞ்ச ஒளிச்சு இருந்தனான் எண்டு சொல்லோணும். பிடிச்சு வைச்சாலும் வைப்பினம்."

"நான் கூட வரேன்க்கா."

"உங்கட பேரையும் கேட்பினம். பரவாயில்லையோ?"

ஒரு நொடிதான் தயங்கியிருப்பேன். அவர் கவனித்துவிட்டார்.

"வேண்டாம் தம்பி. சோறு ஆறப்போகுது, சாப்பிடுங்கோ."

ஐந்து மாதம் கழித்து நான் அறையைக் காலி செய்யும்போதும் அவர் அங்கேதான் சமைத்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.