சல்லடையில் தேடிய தளபதி

அக்கா வீட்டுக்காரரைக் கிண்டல் பண்ண மச்சினனுக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. கல்யாணத்தன்றைக்கே கூடவே வரும் உரிமை அது. நான் அதைக் கொஞ்சமும் வீணாக்கியதில்லை. மாமா சாப்பிட உட்கார்ந்தால் அவர் தட்டைப் பற்றி, ஹெல்மெட் போட்டால் அவர் தலையைப் பற்றி ஏதாவது சொல்லாமல் எனக்குப் பொழுது நகராது. அவரும் சிரித்துக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர்.

தொப்பூர் இறக்கத்தில் அவர் பைக் சறுக்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் சரியாக பிரேக் பிடித்ததால் பிழைத்தார். வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. கை தேறி மாதங்கள் ஆகியும் மனிதர் எங்கள் கடத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. பைக் மட்டுமல்ல, பஸ் என்றாலும் வேண்டாம் என்றார். ஒருதரம் வெளியே போய்விட்டு வந்தால் பழைய ஆளாகிவிடுவார் என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்போதுதான் அவருக்குப் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு உலோகப் போர்வீரர்கள். முழு ஆளாக இல்லை. உடல் தனி, கை தனி, கேடயம் தனி, குதிரை இரண்டு பாதியாகப் பிளந்து தனி. சேர்த்து ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜை மேல் படையாக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்தி விளையாடுவார்களாம். ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். மாமா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கே தன் தையல் மேஜையைக் காலி பண்ணிக் கொடுத்தாள். இருந்த துணியை எல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மாமாவின் விரல்கள் முழுதாக மடங்காது. அதனால் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. ப்ளஸ் ஒன்னில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு டூ வீலர் பட்டறையில் சேர்ந்தவன் நான். அரமும் டிரில்லும் என் கையில்தான் இருந்தன.

வார்ப்பு ரொம்ப மோசம். குதிரையின் இரண்டு பாதியும் சேர்ந்தால் நடுவில் தீக்குச்சி நுழையும். கேடயத்தின் முளை, கையிலிருக்கும் ஓட்டையை விடப் பெரிசு. ராவி ராவிப் பார்த்தேன். ஒட்டினால் கை விழும், கையைப் பிடித்தால் தலை விழும். கடைசியில் தோளில் சின்னதாய் ஓட்டை போட்டு, கிளட்ச் கேபிளில் ஒரு இழையை உருவி ஆணியாகச் சொருகி நிறுத்தினேன். மாமா அதை லென்ஸ் வைத்துப் பார்த்து தலையாட்டினார்.

"மாமா, உங்க படைக்கு எதிரியே வேணாம்ங்க. தும்முனா போதும், அவனுங்களே கழண்டு வுழுந்துருவானுங்க" என்றேன். அவருக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அப்படிச் சிரித்து அவளும் நாளாகப் பார்த்திருக்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் பதினோரு குதிரைவீரர்கள் தயார். தளபதி மட்டும் மிச்சம். அவன் இல்லாமல் படையை இறக்க முடியாது என்பது ஆட்டத்தின் விதி. அவனுடைய கால்கள் நெருக்கமாக வார்க்கப்பட்டிருந்தன, சேணத்தின் மேல் உட்காராமல் அந்தரத்தில் நின்றான். அந்த உலோகத்தைப் பற்றி மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தளபதிக்கு மூலம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததில் அதைக் காதில் வாங்கவில்லை.

அவர் போன் பேசப் போன நேரத்தில் சேணத்தின் அகலத்தை ஒரு நூலில் அளந்துகொண்டு, தளபதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உட்கார வைத்துக் கொண்டுவந்து காட்டி அசத்த வேண்டும் என்று எண்ணம். பட்டறையில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பேரிங் உள்ளே இறங்கவில்லையா, அது உட்காரும் கூட்டைச் சூடு பண்ணு. கம்பி வளையவில்லையா, சூடு காட்டு. தளபதியைக் குறட்டில் பிடித்து, கேஸ் டார்ச்சைக் காலுக்கு நேரே காட்டினேன்.

இரும்பு என்றால் முதலில் சிவக்கும். இவன் சிவக்கவே இல்லை. மினுமினுத்தான், தலை சாய்ந்தான், சொட்டினான். குறட்டின் நுனியில் ஒன்றுமில்லை. தரையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. ஒரு பக்கத்தில் வாளின் கைப்பிடி மட்டும் தெரிந்தது.

அதை ஸ்பார்க் பிளக் அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை காலையில் போனேன். மாமா மேஜைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அக்காவிடம் இங்கே கூட்டினாயா என்று கேட்டார். கூட்டினேன், ஆனால் ஒன்றையும் அள்ளவில்லை என்றாள். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்காளோட வெளக்கமாத்துப் படைதான் பெருசுங்க மாமா. தளபதியச் செறப் புடிச்சிருக்கும்."

வழக்கம்போலச் சிரிப்பார் என்று நினைத்தேன், அதற்குள் வேறு வழி யோசித்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"உனக்கு இதெல்லாம் குப்பையாத்தான தெரியும்" என்றார். சத்தம் போடவில்லை. பெட்டியை மூடினார். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை என்று சொல்லிவிட்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா மூலையில் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் போனாள். நானும் போனேன். குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, ராகி மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்து, துணித் துணுக்கும் வெங்காயத் தோலும் முடியுமாய்க் கிடந்ததைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சலித்தாள். புழுதி முகத்தில் அடித்தது. சட்டைப்பையில் அட்டைப்பெட்டி நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தரம் அவள் எதையோ எடுத்து ஊதி, உள்ளே ஓடினாள்.

"ஏங்க, இதுவா பாருங்க."

நான் ராவி எறிந்த பிசிறு அது. அவர் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். அவள் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து சலித்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை. பட்டறைக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். இதுவரை நான் செய்ததில் இதைவிடக் கேவலமானது எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை காலையில் மாமா தனியாக இருந்தபோது அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்தேன். அவர் கட்டியை எடுத்து, வாளின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"சூடு காட்டுனியா?"

"ஆமாங்க மாமா."

"ஈயக் கலவ, சூடு தாங்காதுன்னு சொல்ல வந்தன்." கொஞ்ச நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தார். "இது போனாப் போவுது மாப்ள. நேத்து உங்கக்காள நான் சொன்னப்ப நீ இங்கதான நின்ன?"

"நின்னங்க."

"கேட்டுட்டுத்தான் நின்ன."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். என்னைப் பார்க்காமல் தையல் டப்பாவைத் திறந்து, சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அவரிடம் நீட்டினாள். பதினோரு பேரில் ஒருவன் கையில் அதைக் கட்டி அவனைத் தளபதி ஆக்கினார்கள். ஒரு வீரன் குறைச்சல்தான், ஆனாலும் படை இறங்கலாம் என்று மாமா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ் ஏறினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தொப்பூர் அந்தப் பக்கம் இல்லை என்றாலும் தர்மபுரி தாண்டும்வரை அவர் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. ஆட்டத்தில் தோற்றுவிட்டு, சாயந்திரம் சிரித்துக்கொண்டே திரும்பினார். தளபதியை உருக்கி ஊத்தினது இவர்தான் என்று அங்கே எல்லோருக்கும் என்னைக் காட்டினார். அவர் என்னைக் கிண்டல் பண்ணியது அதுதான் முதல் தடவை. அவரிடம் என் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் கோபமாக இல்லை. சோறு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து அவள் வீட்டில் என் பைக் சாவியைக் காணோம். டிவி மேல் பார்த்தேன், கட்டிலில் பார்த்தேன்.

"அக்கா, என் சாவி..." என்று ஆரம்பித்தேன்.

"நான் எடுக்கலடா" என்றாள். மாவுக் கை இரண்டையும் விரித்துக் காட்டினாள். "இந்தப் பக்கம் இன்னும் கூட்டவே இல்ல. நீயே பாத்துக்க."

சாவி என் பேண்ட் பையில்தான் இருந்தது. அவள் உள்ளே போகும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.