அவர் பக்கத்தில் என் கட்டுரை

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அந்த அம்மா காலை ரயில் ஏறுவார். நரைத்த கிராப்பு, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், மடியில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம். கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஆராய்ச்சியில் பெரிய ஆள். எனக்கும் அவருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். அதனால் நான் எழுதியிருந்த ஒரே கட்டுரையை, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுக்கும் இணையதளம் அவருடைய பக்கத்தில் சேர்த்துவிட்டது. அன்று எனக்கு பிஎச்.டி. நேர்காணல். தேடிப் பார்த்தால் என்னுடையது என்று ஒன்றும் வராது. பயந்துகொண்டே ரயிலில் அவர் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

கடலைத் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது உன்துதானாம்மா? இந்த வருஷம் என் பேப்பருங்கள்ல அதைத்தான் ஜாஸ்தி பேர் மேற்கோள் காட்டிகிறாங்க. இத எப்போ எழுதினோம்னு நானே யோசிச்சினு இருந்தேன்."

"படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேனே. பரவால்லயே, நல்லாத்தான் எழுதிகிறோம்னு நெனச்சேன்."

சிரித்துக்கொண்டே போனை எடுத்து, என் கட்டுரையைத் தன் பக்கத்திலிருந்து நீக்கினார். அவருடைய மேற்கோள் எண்ணிக்கை என் கண்ணெதிரே குறைந்தது. "இப்போ உன் பக்கத்துல சேத்துக்கோ," என்று கடலையை நீட்டினார். அப்போதுதான் எனக்குப் பசியே தெரிந்தது.

நேர்காணலில் இடம் கிடைத்துவிட்டது. என் கட்டுரையை நிஜமாகவே தன்னுடையது என்று நினைத்தாரா, என் பயந்த முகத்தைப் பார்த்துத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரா? இன்னும் தெரியவில்லை, கேட்கவும் மனசில்லை.