ரப்பரைக் கழற்றி வாங்கிய பாராட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்பு, கல்முனைக்குப் பக்கத்தில் வாப்பாவின் நெல் மில்லில் நடந்தது இது. அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் உலகத்தையே கழற்றிப் பூட்டலாம் என்ற நினைப்பு.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வேறு காணி இல்லாததால் என் அக்கா, ராத்தாவின் வீட்டை வாப்பா மில்லோடு ஒட்டியே கட்டியிருந்தார். இரண்டுக்கும் ஒரே சுவர். மில்லின் பெரிய உத்தரம் அந்தச் சுவரில்தான் ஏறி நின்றது. என்ஜின் ஓடினால் ராத்தாவின் அறை அதிரும். ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து, நாற்பது நாள் கழியும்வரை அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டி வந்தபோதுதான் அது பிரச்சினையானது. பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதது.

மச்சானின் உம்மா, அதாவது ராத்தாவின் மாமி, வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, பூமி நடுங்கிறாப்போல கெடக்கு! புள்ளயயும் தாயயும் எங்கட ஊட்டுக்குக் கூட்டித்துப் போறம்" என்றார். நாற்பதுக்கு முன் மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது எங்களூரில் தகப்பனுக்குத் தலைகுனிவு. வாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மில்லை நிறுத்தவும் முடியாது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான்.

"கொஞ்சம் பொறுங்க மாமி, நான் நிப்பாட்டிக் காட்டுறன்" என்று இடையில் விழுந்தேன்.

"என்ஜினையா?"

"இல்ல, ஆட்டத்த."

"முதல்ல ஒன்ட ஆட்டத்த நிப்பாட்டுடா" என்றார் மாமி. ராத்தாகூடச் சிரித்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்லூரிப் புத்தகத்தில் வழி இருந்தது. அதிர்கிற பொருளோடு ஒரு பாரத்தை வளையும் தகட்டில் பொருத்தி, அது என்ஜினின் வேகத்துக்கே ஆடும்படி அமைத்தால், ஆட்டத்தைப் பாரம் வாங்கிக்கொள்ளும், உத்தரம் அடங்கிவிடும். பழைய லொறியின் வில்லுத்தகடு ஒன்றை உத்தரத்தில் இறுக்கி, நுனியில் இரும்புக் கட்டியைப் பூட்டி, என்ஜினின் வேகத்துக்கு அது ஆடும்வரை முன்னும் பின்னும் நகர்த்தினேன். தகட்டோடு ரப்பரையும் சேர்த்து இறுக்கச் சொல்லியிருந்தது புத்தகம். என்ஜினின் வேகம் சற்று மாறினாலும் பாரம் கட்டுமீறி ஆடாமலிருக்க அந்த ரப்பர். அப்படியே செய்தேன். அதிர்வு நன்றாகக் குறைந்தது. ஆனாலும் அறையின் சுவர்த்தட்டில் வைத்த பிளேன்டீக் கோப்பையில் மெல்லிய வளையங்கள் தெரிந்தன.

மாமி பார்க்க வரும் நாள் வந்தது. ரப்பரின் பிடி இல்லாவிட்டால் மிச்ச அதிர்வையும் பாரமே வாங்கிக்கொள்ளும். அந்த வளையங்களும் இருக்கக் கூடாதென்று ரப்பரைக் கழற்றிவிட்டேன். பிளேன்டீ கண்ணாடிபோல் நின்றது. மில் பக்கம் இரும்புக் கட்டி மட்டும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்! இவன் என்னமோ மந்திரிச்சிட்டான்" என்றார் மாமி. நெல் குத்த வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார் வாப்பா. அதன்பிறகு ரப்பரைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை. என்ஜின் என்றும் ஒரே வேகத்தில்தானே ஓடுகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அறுவடை வந்தது. முற்றம் நிறைய நெல் மூட்டை. இரண்டு குத்தும் இயந்திரங்களையும் ஒன்றாகப் பூட்டினார்கள். சுமை தாங்காமல் என்ஜினின் வேகம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான், இரும்புக் கட்டி வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கியது. உத்தரம் முன்னொருபோதும் இல்லாதபடி துடித்தது. நான் கத்தியது இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் என்ஜினை நிறுத்துவதற்குள் சுவருக்கு அப்பால் ஏதோ பெரிதாக நொறுங்கியது.

ராத்தாவின் அறையில் சுவர்த்தட்டு போத்தல்களோடு பெயர்ந்து விழுந்திருந்தது. பிள்ளையின் குட்டித் தலையணை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அன்று வந்திருந்த மாமி, ஆட்டம் தொடங்கியதுமே பிள்ளையை வாரித் தூக்கி, எதிர் மூலையில் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பிள்ளைக்கோ ராத்தாவுக்கோ ஒரு கீறல்கூட இல்லை.

மாமி ஏசுவார் என்று நின்றேன். அவரோ தன் தலையில்தான் அடித்துக்கொண்டார். "என்ட புத்தியப் பாரு! இவன் நிப்பாட்டிட்டானே எண்டு, காத்துப் படட்டும் எண்டு, நான்தானே புள்ளய இந்தச் செவரோரம் மாத்திப் போட்ட!"

 ரப்பரைக் கழற்றியதையும் ஏன் கழற்றினேன் என்பதையும் எல்லோர் முன்னும் சொன்னேன். வாப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மாமியிடம் திரும்பி, "கூட்டித்துப் போங்க" என்றார். எதை நடக்கவிடக் கூடாதென்று அவர் அத்தனை நாளும் தவித்தாரோ, அதை அவர் வாயாலேயே சொன்னார். ஊரே மூட்டைகளோடு பார்த்து நிற்க, வந்து நின்ற காரின் கதவைத் தானே திறந்து மகளை ஏற்றிவிட்டார்.

அன்றே ரப்பரைப் போட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகு உத்தரம் அப்படி ஆடியதில்லை.

மாமி எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் எது பழுதானாலும் இன்றும் எனக்குத்தான் ஆள் அனுப்புகிறார். செய்து முடித்ததும் சரிதானா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் அதைப் பாவிக்கத் தொடங்கும் அந்த நொடியில், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் முடிவதில்லை.