கை வைக்காத வைத்தியம்

ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவரைப்போல் கெட்டிக்காரர் உலகத்திலேயே கிடையாது என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் உள்ளே போனால் ஸ்டூலில் உட்காரவைத்து நாடி பிடிப்பார், நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார், கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு மட்டும் இது எதுவும் தேவைப்படவில்லை. நாங்கள் வாசலை ஒட்டி நிற்போம். "என்னலே செய்யுது?" என்று அப்பாவைக் கேட்பார். அப்பா சொல்லி முடிப்பதற்குள் மருந்து எழுதிவிடுவார். ஊசி என்றால் கம்பவுண்டர் போடுவார்.

முதல் தடவை போனபோது மட்டும் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார். நோய்க்கும் தெருவுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவுக்கு மாந்தோப்பில் கூலி வேலை. அம்மா மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வேலை போய்விடும். இந்த டாக்டரோ வேலை முடிந்து போனாலும் இருப்பார். அப்படியே அவரிடம் போய்ப் பழகிவிட்டோம்.

அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாந்தியும் எடுத்தாள். டாக்டரிடம் கிளம்பச் சொன்னதும், "அங்க வேண்டாம்ப்பா. பெரியாஸ்பத்திரிக்கே போவோம்" என்றாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நான் சிரித்தேன். "செத்த நேரத்துல வந்துருவோம், வாத்தா" என்று அப்பா சமாதானம் சொல்லி எங்கள் எல்லோரையும் பஸ் ஏற்றினார்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. அக்கா கதவைப் பிடித்துக் குனிந்தபடி நின்றாள்.

"புள்ள வயசுக்கு வந்துட்டாளா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப அந்த வலிதான். மாத்திரை போட்டாச் சரியாயிரும்."

"வலது பக்கம் மட்டும்தான் வலிக்குது சார்" என்றாள் அக்கா. அதற்குள் அவர் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

மறுநாள் முழுக்கத் துடித்தாள். அதற்கடுத்த நாள் காலையில் வலி சட்டென்று நின்றது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். "பாத்தியா, அவிய மருந்து கேட்டுருச்சு" என்றேன். அக்கா என் தலையில் லேசாகக் குட்டினாள். மதியத்துக்குள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன் போட, ஆம்புலன்ஸ் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் ஓடிவந்தார். அக்காவின் சட்டையை விலக்கி, வயிற்றில் கை வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அக்கா அலறினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நோய் என்னவென்று தெரியாமல்தானே இப்படி அமுக்குகிறார்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா?"

"ராஜபாளையத்துல காட்டுனோம்மா" என்றாள் அம்மா.

"அவர் வயித்தை அமுக்கிப் பாக்கலையா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பதில் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் முந்திக்கொண்டேன்.

"அவிய எங்க மேல கையே வைக்க மாட்டாவ. பாத்தாலே அவியளுக்குத் தெரிஞ்சிரும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "குடல்வால் வெடிச்சிருக்கு. உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும்" என்றார்.

மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். சீழ் ஏற்கெனவே வயிறு முழுக்கப் பரவியிருந்ததாம். அக்கா உயிரோடு வீடு திரும்பவில்லை.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் நான் ஒன்றையே சொன்னேன்: அந்த டாக்டரம்மா அமுக்கியதில்தான் அக்காவுக்கு உள்ளே உடைந்துவிட்டது. யாரும் என்னைத் திருத்தவில்லை. பெரியம்மா மட்டும் என்னை மடியில் இழுத்துப் போட்டு வாயைப் பொத்தினாள்.

கொஞ்ச நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா வேலைக்குப் போகாமல், ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார். போகிற வழியில்தான் நம் டாக்டரின் கிளினிக். அதைக் கைகாட்டி, "இங்க போவோம்ப்பா, அவிய பாத்தாலே சரியாயிரும்" என்று கத்தி அழுதேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முதுகில் இருந்த அவர் கை மட்டும் இறுகியது. அக்கா போன துக்கத்தில் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல டாக்டரைத் தாண்டிப் போவாரா என்று நினைத்துக்கொண்டேன்.