தண்ணீருக்கு முன்னால் நடந்தவர்

காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூருக்குப் புறப்பட வேண்டிய பஸ், ஏழேகாலுக்குத்தான் இருமத் தொடங்கியது. யுத்த காலம். பெட்ரோல் இல்லை, பஸ்ஸின் முதுகில் ஒரு கரி உலை. கண்டக்டர் அதன் விசிறியைச் சுற்றச் சுற்றப் புகை எங்கள் மீது படிந்தது. மார்கழிப் பனியும் கரிப்புகையும் கலந்த அந்தக் காலையில் ஊரே பாதி அழித்த சித்திரம்போல் இருந்தது. ஓரிடத்தில் தங்காத கால்கள் எனக்கு. ஆனாலும் எங்கே போகிறேன் என்று சொல்ல அன்றைக்குக் கூச்சமாயிருந்தது. நான் போக வேண்டிய இடத்துக்குப் பெயரே இல்லை.

"வண்டி தானா மேடேறுற எடம்" என்றேன்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. ஆறணா வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். அன்னவாசல் தாண்டி மூன்றாவது மைல்.

டிரைவர் காதர் பாய் திரும்பிப் பார்த்தார். "தேங்கா வாங்கலையா ஐயா? அங்கிட்டு எல்லாரும் ஒடைக்கிறாங்க. ஆத்தா வண்டிய இழுக்குறான்னு பேச்சு. எனக்கென்ன, கரி மிச்சம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, மடியில் துணி மூட்டை. நான் இடத்தைச் சொன்னதும் அவர் முகம் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

எட்டே முக்காலுக்கு அன்னவாசல். உலைக்குக் கரி போட நிறுத்தினார்கள். சுக்குக் காப்பிக் கடையில் காதர் பாய் அந்த மனிதரிடம், "முத்தையா, இன்னைக்காச்சும் எறங்குவியா? போன தடவை மாதிரி இலுப்பூரு வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனேன்னு வையி, ஒம் பொஞ்சாதி என்னையத்தான் வைவா" என்றார்.

"அம்பலம் வாயத் தொறந்தா எறங்குறேன், பாய்."

கதை அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. சொன்னவர் முத்தையாவே. குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் போகிற அந்த இடத்துச் சாலையோரத்தில்தான் அவருடைய ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்மாயிலிருந்து கிழக்கே உள்ள வயல்களுக்குப் புதிதாக வாய்க்கால் வெட்டினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். எந்தப் பக்கம் பள்ளம் என்று பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் முத்தையா. அவர்கள் ஊரில் ஒரு வழக்கம்: புது வாய்க்காலில் முதல் தண்ணீர் விடும்போது, கோடு போட்டவன் மாலை போட்டுக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் காலைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் வரும். மேளம் அடிக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

"நடந்தேங்க. மேளம் நின்னுபோச்சு. அப்பதான் திரும்பிப் பாத்தேன். பின்னால தண்ணி இல்ல."

தண்ணீர் சாலையோரம் தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருந்தது. மேற்கே, எல்லாருடைய கண்ணுக்கும் மேடாய்த் தெரிகிற பக்கம். அந்தப் போகத்துத் தண்ணீரெல்லாம் முள்ளுக்காட்டுக்குப் பாய்ந்தது. ஊர்த்தலைவரான அம்பலம் கூட்டத்தில் சொன்னது ஒரே வாக்கியம்: "பொட்டக்கண்ணன் போட்ட கோடு." பிள்ளைகள் அவருக்கு 'மேட்டுத்தண்ணி' என்று பெயர் வைத்தார்கள். முத்தையா ஊரை விட்டுப் புதுக்கோட்டை விறகுக்கடைக்குப் போய்விட்டார்.

"அப்புறம் எப்படி இது வேடிக்கை பார்க்கிற இடமாச்சு?" என்றேன்.

காதர் பாய் மார்பைத் தட்டிக்கொண்டார். "நம்ம கைங்கரியந்தான். ஐப்பசி மழையில அந்த எடத்துல எஞ்சின் செத்துப்போச்சு. பிரேக்க விட்டேன், வண்டி பாட்டுக்கு மேடேறுது! முன் சீட்டுல இருந்தது யாரு? அம்பலம். பேயின்னு நெனச்சு ஓடுற வண்டியிலேருந்து குதிச்சாரு. இன்னமும் நொண்டுறாரு."

முத்தையா சிரிக்கவில்லை. மகளுக்குத் தையில் கல்யாணம். தகப்பன் கைதான் தாரை வார்க்க வேண்டும். வார்க்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அந்தக் குவளையைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது. ஆனால் அம்பலம் நாலு பேர் முன்னால் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்தாலொழிய ஊருக்குள் கால் வைப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒன்பதரை மணி. இடது பக்கம் ஒரு நீளப் பாறை, சாய்த்து வைத்த படகுபோல. வலது பக்கம் ஒருசேரச் சாய்ந்த பனைகள். நடுவில் செம்மண் சாலை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே ஏறியது. காதர் பாய் எஞ்சினை அணைத்தார். ஒரு நிமிஷம் பனைகளில் கிளிகளின் சத்தம் மட்டும். பிறகு பஸ் மெதுவாக, தூக்கத்தில் நடப்பவனைப்போல, மேட்டில் ஏறத் தொடங்கியது. என் வயிறு ஒரு பக்கம் சொன்னது, கண் ஒரு பக்கம் சொன்னது. பின்னாலிருந்து யாரோ, "ஆத்தா! ஆத்தா!" என்று கூவினார்.

"பாறையும் பனையும் சேந்து பள்ளத்த மேடுன்னு பொய் சொல்லுது ஐயா. வேற ஒண்ணுமில்ல" என்று காதர் பாய் காதோடு சொன்னார்.

ஒரு பானகப் பந்தலருகே பிரேக் பிடித்தார். பந்தலை நடத்துவது முத்தையாவின் மனைவி சிகப்பி. தேங்காய் உடைக்க வந்த இருபது முப்பது பேருக்கு நடுவில், கம்பை ஊன்றிக்கொண்டு அம்பலமும் நின்றார். சிகப்பிதான் அவரை வரவழைத்திருக்கிறாள்.

"எறங்கு முத்தையா" என்றார் அம்பலம்.

முத்தையா ஜன்னல் வழியாகவே கேட்டார். "எறங்குறேன். ஒங்க கண்ணுக்கு எங்கிட்டு மேடு?"

"எல்லாம் ஆத்தா செயலு."

"ஆத்தாளை ஏன் இதுல இழுக்குறீங்க? நான் ஒங்க கண்ணக் கேட்டேன்."

அம்பலம் கம்பால் மண்ணைக் கீறினார். கண்டக்டர் உலையின் விசிறியைச் சுற்றத் தொடங்கினார். பஸ் கிளம்பினால் இன்னொரு முறையும் இலுப்பூர்தான். தைக்கு அதிக நாளில்லை. சிகப்பி ஒரு குடம் தண்ணீரை ஜன்னலுக்கு நேரே தூக்கினாள்.

"ரெண்டு ஆம்பளைகளும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? தாரை வார்க்குற கைதான அது? எறங்கி ஊத்துங்க. தண்ணி சொல்லட்டும்."

முத்தையா எழுந்தார். கடைசிப் படியில் நின்று, தரையில் கால் படாமல், குடத்தை வாங்கிச் சாய்த்தார். தண்ணீர் செம்மண்ணில் ஒரு கணம் குழம்பியது. பிறகு தலையைத் தூக்கி மேற்கே, மேட்டுக்கு, ஊர்ந்து போனது.

அம்பலம் நொண்டிக்கொண்டே அதன் கூட நடந்தார். தண்ணீர் மண்ணில் சுவறிய இடத்தில் நின்று, பாறையைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். திரும்பாமலே சொன்னார்:

"எனக்கு இப்பவும் இது மேடாத்தான்யா தெரியுது. அன்னைக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு. கோடு நீ போட்ட. ஊரே பாத்துட்டுத்தான நின்னுச்சு? பொட்டக்கண்ணு ஒனக்கு மட்டுமில்ல."

முத்தையா கீழே இறங்கினார். மண்ணில் பதிந்த அந்த ஈரத்தின் பின்னாலேயே நடந்தார். "இந்தத் தடவை அது முன்னால போகட்டும்" என்றார். சிகப்பி குடத்தை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் துடைத்தது வேர்வைக்காக என்றுதான் நான் எழுதுவேன்.

பிற்பகல் நாலு மணி. காதர் பாயின் பஸ் இலுப்பூரிலிருந்து திரும்பி வந்தது. பந்தலில் காத்திருந்த நான் ஏறிக்கொண்டேன். நான் காவிரிக் கரைக்காரன். எங்கள் ஊரில் மடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசித்ததில்லை. அதனால் ஒருவரை ஒருவர் மன்னிக்க வேண்டிய அவசியமும் இந்த விஷயத்தில் வந்ததில்லை. எங்கள் ஊரின் அந்தச் சமதளம் அன்று முதன்முறையாகக் கொஞ்சம் சலிப்பாகத் தோன்றியது.

பஸ் அரை பர்லாங்கு போய் நின்றுவிட்டது. கண்ணுக்கு நல்ல இறக்கம். கரி எஞ்சினால் இறங்க முடியவில்லை.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்றார் காதர் பாய்.

இறங்கினோம். பந்தலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள், ஒருவர் நொண்டிக்கொண்டு. என் இடது பக்கம் முத்தையா, வலது பக்கம் அம்பலம். மூச்சு வாங்க, காலை ஊன்றி, அந்த இறக்கத்தில் பஸ்ஸைத் தள்ளி இறக்கினோம்.