கஜந்தி கொடுக்காத பெயர்

கஜந்தியின் கணவர் செபஸ்தியான் இராகுலன் 2020 பெப்ரவரி 11 மாலை கடல் தொழிலுக்குப் போனார். கூடப் போனவர் குச்சவெளி ஆதம்பாவா. படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. ஆதம்பாவாவின் வீட்டார் நாற்பதாம் நாள் இறந்தவருக்கான கத்தம் ஓதினார்கள். கஜந்தி வெள்ளை உடுக்கவில்லை.

செவ்வாய் தோறும் அந்தோனியார் நவநாளுக்கு மன்றாட்டுத் துண்டு எழுதிப் பெட்டியில் போடுவார். "கடலுக்குப் போனவர் திரும்பி வர." ஊரடங்கில் கோவில் பூட்டியிருந்தபோது கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். 2023 ஒக்ரோபர் 31 வரை நூற்றுத் தொண்ணூற்று நான்கு செவ்வாய்கள். நூற்றுத் தொண்ணூற்று நான்கு துண்டுகள். மற்ற நாட்களில் கரையில் கருவாடு காயவைத்து மகளை வளர்த்தார்.

அந்த ஆண்டு மகளின் கலியாணக் கடதாசிகளோடு இராகுலனின் மரணச் சான்றிதழும் பங்கு அலுவலகத்துக்கு வந்தது. நவம்பர் 2, இறந்தோர் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிப்போம்; அந்தப் பட்டியலை எழுதுவது பங்கு அலுவலகத்தில் என் வேலை. வீட்டார் தராத பெயரைச் சேர்ப்பதில்லை என்பது வழக்கம். சான்றிதழ் இருக்கிறதே, விடுபடக்கூடாது என்று நானாக எழுதினேன். நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான் வழக்கத்தை மீறினேன்.

பூசை முடிய கஜந்தி அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்தப் பேரை ஆர் தந்தது?"

"சான்றிதழைப் பார்த்து நான்தான் எழுதினனான், பிள்ளை."

"அரசாங்கக் கந்தோர்க்காரர் கடதாசி கேட்டவை, எடுத்தனான். கடவுளிட்ட நான் அப்பிடிச் சொல்லேல்ல. கடலே இன்னும் ஒண்டும் சொல்லேல்ல, ஐயா. நீங்கள் சொல்லிப்போட்டியள்."

மன்னிப்புக் கேட்டேன். விடுங்கோ என்றார். பிறகு பெட்டியில் அவருடைய துண்டு இல்லை. ஆனால் ஒரு செவ்வாயும் தவறாமல் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். எல்லாரும் செபித்தபோது வாய் அசையவில்லை. நற்கருணை வாங்க எழும்பவில்லை. ஒரு வருடம் அப்படியே போனது. பங்குச் சாமியார் போய்ப் பேசிப் பார்த்தும் அது மாறவில்லை.

2024 ஒக்ரோபர் 27, ஞாயிறு. கருவாட்டுக் கையோடு அலுவலகத்துக்கு வந்து என் மேசையருகில் நின்றார். இந்த வருடம் பெயரைத் தானே தருவதாகச் சொன்னார். ஏதாவது செய்தி கிடைத்ததா என்று கேட்டேன்.

"ஒண்டும் வரேல்ல. இனி வருவார் எண்டும் நினைக்கேல்ல. கேட்டுக் கேட்டு எனக்கும் ஏலாமப் போச்சு."

"பூசைக்கு வருவீங்களோ?"

"வராம? கோவமெண்டாலும் இஞ்சதான் வந்து கோவிக்கோணும். வேற எங்க போறது, ஐயா?"

பெயரை எழுதினேன். எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 2 பூசையில் அது பதினேழாவது பெயர். வாசித்து முடிந்ததும் சனம், "ஆண்டவரே, இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்றது. எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, கடைசி வாங்கிலிருந்து அதே வசனம் ஒற்றைக் குரலில் தடுக்கித் தடுக்கி வந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை சாமியார் அடுத்த செபத்தைத் தொடங்கவில்லை.