மாமாவுக்காக ஒரு திரை

உதிரிபாகக் கிடங்கில் அவளைக் ‘கட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அங்கே கவுன்டர்களில் ஓடும் புரோகிராம் அவள் எழுதியது. படம், மவுஸ் எதுவும் இல்லாத பழைய மாதிரித் திரை. கறுப்புப் பின்னணியில் எழுத்துகளும், கோடுகளைக் கோத்துச் செய்த பெட்டிகளும் மட்டும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கு. எந்தப் பெட்டி எந்த வரிசையில் வர வேண்டும், எந்தப் பொத்தான் எத்தனை கட்டங்களை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பாள். ஒரு பெட்டி ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டால் அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது.

“இந்தக் காலத்துல இதை யாருங்க பாக்கறா? கலர் கலரா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமே” என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று.

“இது பாக்கறதுக்கு இல்ல, வேலை செய்யறதுக்கு” என்பாள். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

கோபத்தில் நியாயம் உண்டு. அறுந்துபோன பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் கவுன்டரில் வந்து நிற்கிறான். அவனுடைய மெஷின் அங்கே நின்று கிடக்கிறது. கவுன்டர்காரர் பாக எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் அது எந்த அலமாரியில், எத்தனை இருக்கிறது என்று திரை சொல்லிவிடும். படம் காட்டுகிற புரோகிராம்கள் அதற்குள் தூக்கம் கலைந்து எழுந்துகூட இருக்காது.

முதல் கவுன்டரில் இருந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். மாமா என்றால் அவளுக்கு உயிர். பேரிங்கை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே இது எந்த மெஷினிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குச் சில மாதங்களாக வேலையில் தடுமாற்றம். திரையின் வலது மூலையில் ‘இருப்பு இல்லை’ என்று எச்சரிக்கை வந்தாலும் கவனிக்காமல் பில் போட்டார். அளவு மாறிய போல்ட்டுகள் ஓர் ஆலைக்குப் போய், அங்கிருந்து வசவு திரும்பி வந்தது. கேட்டால், “கண்ணு கொஞ்சம் மங்கல்” என்று சிரித்து மழுப்பினார்.

மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் பொறுமை என்று ஒன்று உண்டே. “வர்ற திங்கக்கிழமை நானே பக்கத்துல நின்னு பாக்கறேன். அன்னிக்கும் இப்படின்னா, உங்களை கேட்டுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல” என்றார். கேட்டில் லாரி எண் குறிக்கிற வேலை. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கெட்டிக்காரத்தனத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் யாருக்குத்தான் ஆடும்?

கண் மங்கல் என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டமும் யோசிக்கவில்லை. எழுத்துத் திரையில் ஓர் எழுத்தை மட்டும் ஊதிப் பெரிதாக்க முடியாது. எல்லாம் சேர்ந்துதான் பெருக்கும், கட்டங்கள் குறையும். அதனால் மொத்தத்தையும் கலைத்துப் போட்டு, தலையால் தண்ணீர் குடித்து, பெரிய எழுத்தில் நான்கு மூலையும் நிரம்ப அடுக்கினாள். பாக எண் இடது கோடியில், இருப்பு வலது கோடியில், பொத்தான்கள் அடியில். ஒரு கட்டம் வீணாகவில்லை. காலிக் கட்டம் என்றால் அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

“பிரமாதம்மா!” என்றார் மாமா.

மறுநாள் தவறுகள் இரண்டு மடங்கு.

“பிரமாதம்னு சொன்னீங்களே மாமா!” என்று அவரிடமே எகிறினாள்.

“ராத்திரி பகலா உக்காந்து பண்ணினியே, உங்கிட்ட எப்படிம்மா நல்லா இல்லன்னு சொல்றது?”

இப்படிப்பட்ட மனிதர்களை என்ன செய்வது? நேரே அக்கா வீட்டுக்குப் போய்ப் புலம்பினாள். அக்கா அதற்கு மேல் புலம்பினாள். “அவர் கண்ணு எனக்கே புரியலடி. ஊசியில நூல் கோக்க இன்னும் அவரைத்தான் கூப்பிடறேன், ஒரே தடவையில கோத்துடறார். ஆனா பக்கத்துல நிக்கற என்னைத் தெரியாம இடிச்சுட்டுப் போறார். டாக்டர் என்னமோ ஓரப் பார்வை சுருங்குதுன்னு சொன்னாராம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கார்!”

கட்டம் அக்காவின் கையிலிருந்த டீயைக்கூட வாங்கவில்லை, கிளம்பிவிட்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணால் அதன் வழியே தான் செய்த திரையைப் பார்த்தாள். அறையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழலுக்குள் ஒரு சொல்லின் பாதிதான் தெரிந்தது. மீதிக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. இருப்பு எங்கே என்று தேடிப் பிடிப்பதற்குள் பாக எண் போய்விட்டது. எழுத்தைப் பெரிதாக்கியதால், மாமாவுக்குத் தெரிந்த கொஞ்ச இடத்திலும் தெரிவதைப் பாதியாக்கிவிட்டாள். நல்லது செய்கிறேன் என்று அவரைக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை, பென்சிலை எடுத்துவிட்டாள். எழுத்து சிறியது. திரை மூன்று நெடுவரிசை. ஓரத்து இரண்டும் எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம், ஆனால் அவற்றில் ஒன்றும் இருக்காது. நடுவரிசை மட்டும் ஒடுங்கி, அசையாமல் நிற்கும். பாக எண், அதன் கீழேயே அலமாரி, அதன் கீழேயே இருப்பு. எச்சரிக்கை வந்தால் தட்டுகிற இடத்தை ஒட்டியே வரும். ஒவ்வொரு பெட்டியையும் உள்ளே இழுத்துவிட்டு, குழலை வைத்துப் பார்ப்பாள், திரும்பவும் இழுப்பாள். காலியாக விட்ட கட்டங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை நமநமத்தது. விட்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரணக் காரியம் இல்லை.

திங்கட்கிழமை மேலாளர் சொன்னபடி வந்து மாமாவின் தோளருகே நின்றார். சற்றுத் தள்ளி நின்ற கட்டம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் வந்தது. பெல்ட், பேரிங், வால்வு, திரும்பவும் பெல்ட். மாமாவின் கழுத்து திரும்பவே இல்லை. விரல்கள் மட்டும் ஓடின. ‘இருப்பு இல்லை’ என்று ஓரிடத்தில் வந்தது. சட்டென்று நிறுத்தினார். “இது இப்ப இல்ல சார், இதே அளவுல வேற கம்பெனி சரக்கு இருக்கு, தரட்டுமா?” என்றார். குரலில் பழைய மிடுக்கு.

மேலாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கேட்டுக்கெல்லாம் போக வேணாம், நீங்க இங்கயே இருங்க” என்றார். அப்புறம் மேலாளர் ஆயிற்றே, ஒரு குறையாவது சொல்ல வேண்டாமா? “ஆனா திரையில இவ்வளவு இடம் காலியா கிடக்கே, இதுல ஏதாவது போடலாமே?”

“எந்த இடம் சார்?” என்றார் மாமா. கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

மேலாளர் திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். மாமா கழுத்தைத் திருப்பி, அந்த விரலைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி இருந்த கறுப்பைப் பார்த்தார்.

“அட, திரை இதுவரைக்கும் இருக்கா? எனக்கு முழுசா ரொம்பித்தானே தெரியுது சார்!”

மேலாளர் விரலை எடுத்துக்கொண்டார். கவுன்டரில் ஆட்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கட்டம் அழுதாள். அவள் அழுவது மாமாவுக்குத் தெரியவில்லை. திரைக்குத் திரும்பி, “அடுத்தது யாரு, வாங்க” என்றார்.